வெள்ளை மருந்து

நார்வே தேசத்தில் அவளுக்கு மாரித் என்று பெயர் வைத்தார்கள். மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டிக்கு வந்த பத்தாம் நாள் அது மாரியம்மா ஆகிவிட்டது. இயேசுவின் நாமத்தை அறிவிக்கக் கடல் தாண்டி வந்தவளை ஊர் அம்மனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கொஞ்சம் மரியாதை போதாதென்று நினைத்தவர்கள் மட்டும் மிஸ்ஸியம்மா என்றார்கள். முதல் வருஷம் அவள் திருத்திப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் சிரித்தாள். மூன்றாம் வருஷம், அதாவது 1958 பிறந்தபோது, திருத்தவும் தெம்பில்லை, சிரிக்கவும் தெம்பில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இருபத்தேழு வயதுக்கு இது அதிகமான களைப்புத்தான். ஆனால் அவளுடைய நாளையும் பார்க்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கம்பளியைப் போர்த்தியபடியே முழங்காலில் நின்று ஜெபம். ஆறரைக்கு ஓட்ஸ் கஞ்சி. ஏழு மணிக்கு மிஷன் ஆஸ்பத்திரி என்று பெரிய பெயர் கொண்ட தகரக் கொட்டகையின் கதவைத் திறந்தால் வாசலில் முப்பது நாற்பது பேர் குந்தியிருப்பார்கள். சிரங்கு, குடல் பூச்சி, காதுச் சீழ், கிழங்குக் காட்டில் மண்வெட்டி பட்ட கால். அதெல்லாம் துடைத்துக் கட்டி முடிக்க மத்தியானம் இரண்டாகும். அதன்பின் வேதாகமப் படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பெண்கள் படத்தை ஆசையாகப் பார்ப்பார்கள். "இம்புட்டு நல்ல மனுசனுக்கு ஆருமே ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வைக்கலியா?" என்று வருத்தப்படுவார்கள். பிறகு ஆட்டுக்குக் கழிச்சல் என்று மருந்து கேட்பார்கள்.

விசுவாசம் போய்விட்டதா என்றால் போகவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாளிதான் எட்டவில்லை. காலை ஜெபத்தில் வாய் சொற்களைச் சொல்லும், மனசு அன்றைக்கு எத்தனை ஊசி கொதிக்க வைக்க வேண்டும் என்று யோசிக்கும். முன்பெல்லாம் ஜெபித்து முடித்தால் யாரோ கேட்டுக்கொண்டார்கள் என்ற நிறைவு இருக்கும். அது நின்றுபோய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நார்வேயில் அவளை அனுப்பி வைத்த சபையார் மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எதிர்பார்த்தார்கள். அந்தச் சபையின் பெண்கள்தான் வருஷத்துக்கு இரண்டு பெட்டி மருந்து அனுப்பினார்கள். மீன்பிடிக்கிற ஊர் அது. மீன் ஈரல் எண்ணெயைப் பால்போல வெள்ளையாகக் கலக்கி, ஆரஞ்சு வாசனை சேர்த்து, புட்டி புட்டியாக வைக்கோலில் பொதிந்து அனுப்புவார்கள். ஒவ்வொரு புட்டிக்கும் ஒருத்தி ஜெபம் பண்ணியிருப்பாள். பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆத்துமாக்கள் உண்டா, அதாவது யாராவது ஞானஸ்நானம் வாங்கினார்களா? மூன்று வருஷமாக அட்டுவம்பட்டியில் ஒன்றுகூட இல்லை. போன கடிதத்தில்தான், மனசு தாங்காமல், 'ஒருத்தி மட்டும் கிட்டத்தில் வந்திருக்கிறாள்' என்று மாரித் எழுதினாள்.

அந்த ஒருத்தி சிவபாக்கியம். கிழங்குக் காட்டுக் கூலிக்காரன் பொன்னுவேலின் மனைவி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவதாகப் பிறந்த கந்தவேலுக்கு மூன்று வயதாகியும் நிற்க வரவில்லை. கால் இரண்டும் வில்லாக வளைந்து கிடந்தன. மாரித் அவனை வெயிலில் உட்காரவைக்கச் சொல்லி, வெள்ளை மருந்தைக் காலையும் மாலையும் கொடுத்தாள். புதன்கிழமைதோறும் சிவபாக்கியம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் சும்மா போகமாட்டாள். ஜெபப் பாட்டு முடியும் மட்டும் உட்கார்ந்திருந்து, "அந்தக் கடைசிப் பாட்ட இன்னொருக்காப் பாடுங்க மிஸ்ஸியம்மா" என்பாள். புத்தகத் தமிழை வைத்துக்கொண்டு தடவும் மாரித்துக்கு அந்த மலையில் பேச்சுத்துணை என்று இருந்தது அவள்தான். எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை கந்தவேல் மருந்து மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சிவபாக்கியம் கழுத்தில் துளசி மாலையோடு வந்தாள். காலில் செருப்பில்லை.

"எம்புள்ள நின்னுட்டான்ல. தைப்பூசத்துக்கு மாலை போட்டுட்டேன் மிஸ்ஸியம்மா. நாப்பத்தெட்டு நாள் விரதம். தீர்த்தக்கொடம் எடுத்து நடந்தே பழனிக்குப் போறேன். அவனுக்கு அங்கன வச்சு முடியெறக்கணும்."

"மருந்தினால் அல்லவா அவன் நின்றான்?" என்று கேட்டாள் மாரித்.

"ஆமா, மருந்து நீங்கதான் குடுத்தீங்க. ஒங்கள இந்த மலைக்கு அனுப்பி வச்சது ஆரு?" என்றாள் சிவபாக்கியம், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல. "அவன் மலைல்ல இது."

தன்னை அனுப்பியது யார் என்று மாரித்துக்குத் தெரியும். ஆனால் அனுப்பப்பட்டவள் என்பதை இவ்வளவு உறுதியாக யாரும் சொல்லி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

விரதம் என்றால் ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, கறி மீன் முட்டை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே குச்சியாக இருந்த சிவபாக்கியம் மூன்றாவது வாரத்தில் பிள்ளையோடு மருந்து வாங்க வந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அன்று கொட்டகையில் மாரித் ஒண்டியாள். உதவிக்கு இருக்கும் பாப்பம்மாள் தன் மகளின் பிரசவத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தாள். வாசலில் இன்னும் முப்பது பேர். மாரித் அவளுடைய இமையை இழுத்துப் பார்த்தாள். ரத்தமே இல்லை. அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்ட புட்டியை எடுத்து, "இதே மருந்தை நீங்களும் காலை இரண்டு கரண்டி, மாலை இரண்டு கரண்டி குடிக்க வேண்டும்" என்றாள்.

சிவபாக்கியம் புட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குடிச்சுத்தான் ஆகணுமா?"

"கட்டாயம்."

அவள் வாங்கிக்கொண்டாள். மாரித் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மாரித்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தட்டில் கிடப்பதுதான் அவளுக்கு மீன். இது மருந்து. அவள் பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் போகுமுன் எல்லாக் குழந்தையும் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிக்கிற மருந்து. மீன் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

வந்தது பாப்பம்மாளுக்கு. பழனிக்குப் புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது அவள் திரும்பி வந்து அலமாரியைத் துடைத்தாள். புட்டிகள் குறைந்திருப்பதைக் கேட்டாள். சிவபாக்கியத்துக்கும் கொடுத்தேன், கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது என்று மாரித் பெருமையாகவே சொன்னாள். பாப்பம்மாள் துணியைக் கீழே போட்டாள்.

"அடி ஆத்தீ! அவ விரதக்காரி மிஸ்ஸியம்மா. கருவாடு காயுற தெருவுலகூட நடக்கமாட்டா. அவ வாயில மீனெண்ணெய ஊத்துனீங்களா?"

சொல்லி முடிக்குமுன்பே மாரித்துக்கு விளங்கிவிட்டது. பாப்பம்மாள் சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் வாங்கியவள். முருகனுக்கு அவள் கும்பிடு போட்டு முப்பது வருஷமாகியிருக்கும். இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லதுக்குச் சொல்றேன், வாயத் தொறந்துராதீங்க. தெரியாமப் பட்டதுக்குத் தோசமில்ல. நீங்க சொன்னாத்தான் அது தோசம். ஒங்க சோலியப் பாத்துக்கிட்டு பேசாம இருங்க."

பேசாமல் இருக்க மாரித்தால் முடியவில்லை. மறுநாள் ஏரிக்கரைப் பங்களாவில் மிஷன் ஊழியர் கூட்டம். அங்கே ஹெல்கா அம்மையாரைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள். ஹெல்கா தமிழ் நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் பழுத்தவர். சிரித்தார்.

"இல்லாத தெய்வத்துக்கு எடுத்த விரதம், அதை நீ எப்படி முறிக்க முடியும்? ஆனால் சொல், கட்டாயம் சொல். பையனை நிற்க வைத்ததும் இதே மருந்து, அதற்குப் பின்னால் நம் ஜெபம் என்று சேர்த்துச் சொல். அவள் மனசு உடையும். உடைந்தால் நம் பக்கம்தான் சாய்வாள்."

மாரித் கூட்டத்துக்குத் திரும்பாமல் வெளியே வந்துவிட்டாள். ஹெல்கா சொன்னதனால் மட்டும் அல்ல. அதைக் கேட்டபோது ஒரே ஒரு நொடி, சபைக்கு எழுதப்போகும் அடுத்த கடிதத்தின் முதல் வரி அவள் மனசிலும் ஓடியது. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

அந்த விரதத்தை மாரித் நம்பவில்லை. ஆனால் சிவபாக்கியம் நம்புகிறாள். அவளுடைய பொருளை உடைத்துவிட்டு, உடைத்ததைச் சொல்லாமல், புதன்கிழமைதோறும் அவள் முகத்தைப் பார்ப்பது எப்படி? சொன்னால் அவள் இனி இந்தப் படியேறமாட்டாள். ஊரும் ஏறாது. மூன்று வருஷத்து உழைப்பு ஒரே நாளில் போகும். சொல்லாவிட்டால் எல்லாம் இருக்கும், நான் மட்டும் இருக்கமாட்டேன் என்று தோன்றியது. கேட்பதற்குத் தர்மமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை பேசுவதில் பாதிதான் தர்மம்; மறுபாதி சுமையை இறக்கி வைக்கிற ஆசை. களைத்துப்போனவர்களுக்கு அந்த மறுபாதிதான் பெரிது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பூட்டியிருந்தது. மாலை போட்டவர்கள் கடைசி மூன்று நாளும் ஊருக்கு வெளியே ஓடைக்கரைக் குடிசையில் தங்குவார்கள், வெளியாள் யாரும் போகக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இனி இருந்தது புறப்படும் காலை ஒன்றுதான்.

அன்றைக்குக் காலை ஜெபத்தைக்கூட விட்டுவிட்டு மாரித் ஓடைக்கரைக்கு ஓடினாள். பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. இருபது பேர் வரிசை கட்டி நின்றார்கள். மேளம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. குருசாமி ஆண்டிச்சாமி ஒவ்வொருத்தர் தலையிலும் ஓடைத் தண்ணீர் நிறைத்த குடத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். சிவபாக்கியம் தலையில் குடம் ஏறிவிட்டது. ஏறிய குடத்தை முதல் தங்கல் வரும்வரை இறக்கக்கூடாது, வரிசையை விட்டு விலகவும் கூடாது. அவள் பக்கத்தில் பொன்னுவேல் மாலையும் காவித்துண்டுமாக நின்றான். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கந்தவேல் தன் காலில் நின்றான்.

"சிவபாக்கியம், சற்று இப்படி வாருங்கள். ஒரு காரியம் சொல்ல வேண்டும்."

சிவபாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணில் பயம் வந்தது. "இப்ப வேணாம் மிஸ்ஸியம்மா. போயிட்டு வந்து பேசிக்கிருவோம்."

"இல்லை, இப்பொழுதே சொல்ல வேண்டும்."

"வேணாங்கிறேன்ல. நீங்க வீட்டுக்குப் போங்க, பனி கொட்டுது." குடம் அசையாமல் கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஊரார் முன்னால் பேச வெட்கப்படுகிறாள் என்று மாரித் நினைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிரசங்கியார். அந்தத் தமிழ் மெதுவாகப் பேசத் தெரியாத தமிழ். "நான் உங்களுக்குக் கொடுத்த வெள்ளை மருந்து மீனிலிருந்து செய்தது. எனக்கு விரதத்தின் ஞாபகம் இல்லாமல் போயிற்று. தவறு என்னுடையது. என்னை மன்னியுங்கள்" என்றாள். மேளம் நின்றது. இருபது பேருக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

ஆண்டிச்சாமி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. சிறிது நேரம் தாடியை வருடினார். "பாவம், தொரைசானிக்கு என்ன தெரியும்? அறியாமப் பட்டது குத்தமில்ல தாயி. நெத்தி நெறையத் துன்னூறு பூசிக்க, கெளம்பு வெரசா. நீ அறியாமத்தானே குடிச்ச?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லாரும் அந்தச் சொல்லுக்காகத்தான் நின்றார்கள். தலையில் தீர்த்தம், கழுத்தில் மாலை. சிவபாக்கியம் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சாமி. தெரியும். மொத நாளே வாடையில தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா குடிச்ச?" என்றான் பொன்னுவேல்.

"அந்தம்மா என்னையும் குடிக்கச் சொன்னப்ப புள்ள மடியில இருந்துச்சு. மொதக் கரண்டி ஆத்தா குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்னு அன்னைலருந்து ஒரே அடம். அவன் மருந்த நிறுத்தச் சொல்றியா? இப்பத்தான கால ஊனுறான். தெனமும் முருகன்கிட்டச் சொல்லிட்டுத்தான் குடிச்சேன். கோவம்னா எம்மேல காட்டுப்பா, அவன் கால்ல காட்டாதன்னு."

ஆண்டிச்சாமி அவள் தலைக் குடத்தைத் தன் கையால் எடுத்தார். இன்னும் குடம் ஏறாமல் நின்ற அவளுடைய நாத்தனார் காளியாயி தலையில் ஏற்றினார். சிவபாக்கியத்தின் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். "அறிஞ்சு குடிச்சிட்டு இத நான் எப்படித்தாயி ஏத்த முடியும்? பங்குனி உத்திரம் கெடக்கு. இன்னைலருந்தே நாளு எண்ணு, மறுபடி நாப்பத்தெட்டு. நானே வந்து மாலை போட்டு விடுறேன்." பிள்ளைக்கு முடியிறக்க நாள் குறித்தாயிற்று, அதை மாற்றக்கூடாது என்றும் சொன்னார். பொன்னுவேல் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் பையனை அழைத்துக்கொண்டு நடந்தான். மேளம் தொடங்கியது.

கந்தவேல் இரண்டு மூன்று தடவை திரும்பி, "ஆத்தா வரல?" என்று கேட்டான். பிறகு சரிவு வந்துவிட்டது. வளைந்த கால்களை அகட்டி வைத்து, விழுந்துவிடாமல், அப்பன் விரலைப் பிடித்தபடி இறங்கினான். பனிமூட்டம் அவர்களை மூடும்வரை சிவபாக்கியம் நின்றாள்.

"நடந்தான், பாத்தீங்களா?" என்றாள். அப்புறம் ஓடைக்கரைப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

மாரித்தும் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்தாள். லேசாகவில்லை. பக்கத்தில் கிடந்த சிவபாக்கியத்தின் மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டு விரலால் சுற்றிவிடலாம். இன்னும் நாற்பத்தெட்டு நாள் அந்தக் கை ஒருவேளைச் சோற்றில் ஓட வேண்டும். அவளை ஒரு கரண்டி மருந்து குடிக்கச் சொல்ல இனித் தனக்கு வாயில்லை.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அது எனக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சாவே போயிருக்கும்" என்றாள் சிவபாக்கியம். கோபமில்லை. கோபப்படுகிற சத்து இல்லை. "கொடத்தச் சுமந்துக்கிட்டு எப்படிப் பொய் சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

"ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல ஒங்களுக்கு. அவ்வளவுதான?" முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "எனக்குப் பயமா இருக்கு மிஸ்ஸியம்மா. கோவிச்சுக்கிட்டு எம்புள்ள காலத் திருப்பி வாங்கிப்புட்டான்னா? ஒங்க சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கூட்டு ஆம்பள கோவமா இருந்தா அடுத்த வீட்டு அண்ணன் வந்து பதமாச் சொல்லுவாருல்ல, அந்த மாதிரி. ஒங்க சாமி முருகன்கிட்டச் சொல்லட்டும். நல்ல மனுசனாத்தான இருக்காரு படத்துல."

என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் வேண்டாம் என்ற முதல் கட்டளை மாரித்துக்கு ஞாபகம் வந்தது. ஹெல்காவின் முகம் ஞாபகம் வந்தது. கடிதத்துக்காகக் காத்திருக்கும் சபைப் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் அத்தனை தூரத்தில் இருந்தார்கள். இவள் பக்கத்தில் இருந்தாள். மாரித் ஈரப்புல்லில் முழங்காலில் நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இவளுடைய முருகன் இவள்மேல் கோபமாயிராதபடிக்கு நீர் அவரோடே பேசும். தப்பு என்னுடையது என்று சொல்லும். பிள்ளையின் கால்களை விட்டுவிடச் சொல்லும். ஆமென்."

ஒரு சொல்லையும் அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல மாரித்துக்கு அப்போதும் வரவில்லை. "தெரியாது, சிவபாக்கியம். அவர் எனக்குப் பதில் சொல்லி ரொம்ப நாளாயிற்று."

சிவபாக்கியம் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். பிள்ளையின் காலைப் பற்றி இருந்த கவலையில் பாதி இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது. "அப்ப ஒங்க மேலயும் கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். "பாவம், நீங்க ஒத்தையில கெடந்து என்ன செய்வீங்க?"

மூன்று வருஷத்தில் அதை அவளிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை. மாரித் அழுதாள். முகத்தைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், ஊரில் தன் அம்மா முன்னால் அழுவதுபோல அழுதாள். சிவபாக்கியம் கொஞ்சம் நகர்ந்து வந்து தன் சேலைத் தலைப்பை அவள் தோள்மேலும் இழுத்துப் போர்த்திவிட்டாள்.